நாயின் சொறியும் ஒரு பிந்திய திருத்தமும்

இரவு முழுவதும் ஒரு நாய் சொறிந்துகொள்ளும் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருந்தவர்களுக்குத்தான் அதன் வேதனை புரியும். பின்னங்கால் நிலத்தில் அடிபடும் 'டக் டக்' என்ற ஓசை, சற்று நேர அமைதி, காதுகளை உதறும் சத்தம், பிறகு மீண்டும் 'டக் டக்'. 2023ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் முழுவதும் வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே மாரி மழை. இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் பற்றி ஊர் முழுவதும் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. எனக்கோ ஜிம்மியின் முதுகைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

ஜிம்மி சாதி நாய் அல்ல. தவிட்டு நிறமும் மடிந்த ஒரு காதும் கொண்ட சாதாரண ஊர் நாய். நாலு வயது. ஐப்பசி நடுப்பகுதியில் காது விளிம்பில் சிறிது மயிர் உதிர்ந்திருந்ததைக் கண்டேன். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு கிழமைகளில் காதுகளின் ஓரம் தடித்துப் பொருக்குக் கட்டியது. முழங்கை மயிர் கொட்டியது. அடிவயிறு சிவந்தது. சோற்றை வைத்தால் இரண்டு வாய் தின்றுவிட்டுச் சொறியத் தொடங்கும். சாப்பாட்டை விடச் சொறிதல் முக்கியமாகிவிட்ட ஒரு உயிரை அன்றுதான் அருகில் இருந்து பார்த்தேன்.

நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். ஒரு சம்பவம் நடந்தால் எப்போது, எங்கே, யார், ஏன் என்று கேட்க வேண்டும் என்பது எங்களுக்குப் பாலர் பாடம். ஆனால் என் வீட்டு விறாந்தையில் நடந்ததைப் பற்றி இந்தக் கேள்விகளில் ஒன்றையேனும் நான் கேட்கவில்லை. நேரே தீர்ப்புக்குப் போனேன். 'உண்ணி' என்றேன்.

உண்ணிகள் இருந்தது உண்மை. காதுக்குள்ளும் விரல்களுக்கு இடையிலும் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெய் விட்ட பேணிக்குள் போட்டேன். மூன்று நாட்களில் உடம்பில் ஓர் உண்ணிகூட இல்லை. ஆனால் சொறிதல் நிற்கவில்லை. அடுத்தது வேப்பிலை. அவித்த தண்ணீரில் மஞ்சள் கலந்து குளிப்பாட்டினோம். அன்று மாலை சிறிது அமைதியாகப் படுத்தது. இரவில் மீண்டும் 'டக் டக்'.

பக்கத்து வளவுக்காரர் நல்ல மனிதர். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இது குட்டை. உழவு மெசினில கழட்டின ஒயில் கிடக்கு, பூசி விடுங்கோ. எங்கட ஐயா காலத்தில இருந்து அதுதான் மருந்து" என்றார். மனைவி வேண்டாம் என்று தடுத்தாள். அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து முதுகில் ஒரு பகுதிக்கு நான் பூசினேன். நாய் என்ன செய்யும்? உடம்பில் எதைப் பூசினாலும் நக்கும். அன்றிரவு மூன்று முறை வாந்தி எடுத்தது. நள்ளிரவில் லாந்தர் வெளிச்சத்தில் கிணற்றடியில் வைத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். மழைத் தூறலில் நடுங்கிக்கொண்டே, என்னை ஒரு முறையும் கடிக்க முயலாமல் அது நின்றது. கழிவு ஒயிலில் எரிந்த எண்ணெயுடன் உலோகத் துகள்களும் கலந்திருக்கும் என்பதும், நக்கினால் குடலும் ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம் என்பதும், புண்பட்ட தோலுக்கு அது மேலும் எரிவு என்பதும் பின்னர் தெரிந்துகொண்டவை.

அடுத்து, ஊசி போடத் தெரிந்த ஒருவரை ஒரு நண்பர் அழைத்து வந்தார். ஒரு ஊசி. மந்திரம் போட்டது போல அன்றிரவே சொறிதல் நின்றது. ஐந்து நாட்கள் நிம்மதியாக உறங்கினோம். ஆறாம் நாள் பழைய வேதனை இரு மடங்காகத் திரும்பியது. அந்த ஊசியில் என்ன மருந்து இருந்தது என்று நான் கேட்கவே இல்லை. அமைச்சர்களிடம் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்ட வாய், நிம்மதியான ஐந்து இரவுகளுக்காக மூடிக்கொண்டது.

மார்கழி பிறந்தபோது மனைவி முன்னங்கைகளைச் சொறிந்துகொண்டிருப்பதைக் கண்டேன். சிறு சிறு சிவந்த பருக்கள். "நுளம்பு" என்றாள். இரண்டு கைகளிலும் இடுப்பிலும் மட்டும் கடிக்கும் நுளம்பா?

அடுத்த நாள் அயலவரின் முச்சக்கர வண்டியில் ஜிம்மியை ஏற்றிக்கொண்டு அரச மிருக வைத்தியரிடம் போனோம். பேராதனையில் படித்து வந்த இளம் பெண். மாடுகளும் ஆடுகளும் கோழிப் பெட்டிகளும் காத்திருந்த வரிசையில் எங்கள் முறை வந்ததும், அவர் நாயைத் தொடுவதற்கு முன்பு என்னைக் கேட்கத் தொடங்கினார். எப்போது தொடங்கியது? முதலில் எந்த இடம்? இரவிலா பகலிலா கூட? வேறு நாய்களோடு சேருமா? எங்கே படுக்கிறது? என்ன தின்கிறது? என்ன மருந்து போட்டீர்கள்? கடைசியாக, "வீட்டில ஆருக்கும் கடி இருக்கோ ஐயா?"

மனைவி மௌனமாகக் கைகளை நீட்டினாள்.

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். நாய் வளர்க்கும் வாசகர்களுக்குப் பயன்படக்கூடும். நாய் சொறிவது ஒரு நோய் அல்ல. பல நோய்களுக்குப் பொதுவான ஒரு முறைப்பாடு. எனவே எங்கே சொறிகிறது என்பதுதான் முதல் தடயம். வாலடியிலும் இடுப்பிலும் என்றால் தெள்ளைச் சந்தேகிக்க வேண்டும். தெள்ளின் எச்சில் ஒவ்வாத நாய்க்குச் சில கடிகளே போதும், நாட்கணக்கில் சொறிய. அத்துடன், நாயின் மேல் நாம் காணும் தெள்ளுகள் முழுத் தொகையில் சிறு பங்குதான். முட்டைகளும் புழுக்களும் கூடுகளும் படுக்கும் மண்ணிலும் சாக்கிலும் கிடக்கும். பாதங்களை ஓயாமல் நக்கி, காதுகளும் அடிக்கடி சீழ் பிடித்தால் உணவோ தூசியோ ஒவ்வாமையாக இருக்கலாம். வட்ட வட்டமாக மயிர் உதிர்ந்தால் படர்தாமரை போன்ற பூஞ்சணம். குட்டிகளுக்கு முகத்திலும் முன்னங்கால்களிலும் மயிர் கொட்டி, ஆனால் அதிகம் சொறியாமல் இருந்தால் அது தாயிடமிருந்து பால்குடிக் காலத்தில் வந்த வேறு வகைச் சிற்றுண்ணி, மனிதருக்குத் தொற்றாது. காது விளிம்பு, முழங்கை, பின்னங்கால் மூட்டு, அடிவயிறு ஆகிய இடங்களில் தாங்க முடியாத கடியும், வீட்டாருக்கும் பருக்களும் என்றால் விடை அநேகமாக ஒன்றுதான்.

ஜிம்மியின் காது நுனியை மடித்து அவர் இரு விரல்களுக்கு இடையில் மெதுவாகத் தேய்த்தார். உடனே அதன் பின்னங்கால் தானாகவே எழுந்து காற்றில் சொறியத் தொடங்கியது. காதை விட்டதும் கால் நின்றது. மீண்டும் தேய்த்தார், மீண்டும் எழுந்தது. "இது நிச்சயமான சாட்சி இல்லை, ஐயா. ஆனால் நல்ல சாட்சி" என்றார்.

பின்னர் மழுங்கிய கத்தி அலகில் ஒரு துளி எண்ணெய் தொட்டு, முழங்கையில் லேசாக இரத்தம் கசியும் வரை சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். முதல் தகட்டில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. "கனதரம் அம்பிடாது. அம்பிடேல்லை எண்டதால இல்லை எண்டு முடிவெடுக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே காது விளிம்பில் சுரண்டிய மூன்றாவது தகட்டை வைத்தார். சில கணங்களில் எழுந்து எனக்கு இடம் விட்டார்.

வட்டமான, கண்ணாடி போன்ற ஓர் உடல். குட்டைக் கால்கள். அசைந்துகொண்டிருந்தது. ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கும். பூச்சி இனம் அல்ல. எட்டுக் கால் கொண்ட சிலந்தி, உண்ணி ஆகியவற்றின் உறவு. பெண் சிற்றுண்ணி மேல்தோலில் சுரங்கம் அகழ்ந்து முட்டையிட்டுக்கொண்டே போகும். முட்டை முதிர்ந்து அடுத்த தலைமுறையாக ஏறத்தாழ மூன்று கிழமைகள். சுரங்கத்தையும் எச்சத்தையும் உடம்பு எதிர்ப்பதுதான் அந்தத் தாங்க முடியாத கடி. நாயின் சிற்றுண்ணி மனிதத் தோலுக்கு வந்தாலும் இங்கே குடும்பம் நடத்த முடியாது. நாய் குணமானால் மனிதருக்கும் தானாகவே மறையும். எங்கள் ஐந்து நாள் நிம்மதிக்கும் விளக்கம் கிடைத்தது. அது பெரும்பாலும் ஸ்ரீரொயிட் வகை ஊசியாக இருந்திருக்கும் என்றார். கடியை அமுக்கி, உடம்பின் எதிர்ப்பையும் சேர்த்து அமுக்கி, உள்ளே இருந்தவை பெருகுவதற்கு அது வழி விட்டிருக்கிறது.

இந்த உயிரினத்தின் வரலாற்றைப் பின்னர் தேடிப் படித்தேன். 1687இல் இத்தாலிய வைத்தியர் பொனோமோ, மருந்தாளர் செஸ்தோனியுடன் சேர்ந்து, மனிதச் சொறியில் இருந்த இதே இனச் சிற்றுண்ணியை நுணுக்குக்காட்டியில் பார்த்து, படம் வரைந்து, நோய்க்குக் காரணம் இதுவே என்று பிரான்செஸ்கோ ரெடி என்ற அறிஞருக்குக் கடிதம் எழுதினார். வைத்திய உலகம் அதை ஏற்கவில்லை. இரத்தம் கெட்டதால் வரும் நோய் என்றே அது தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தது. 1834இல் கோர்சிக்கத் தீவைச் சேர்ந்த ரெனுச்சி என்ற மாணவன் பரிஸ் மருத்துவமனை ஒன்றில் ஆசிரியர்கள் முன்னிலையில் ஊசி முனையால் அந்தச் சிற்றுண்ணியை எடுத்துக் காட்டிய பிறகே வாதம் ஓய்ந்தது. அவன் அந்த வித்தையைப் படித்தது நூலில் அல்ல. தன் ஊரில் ஏழைப் பெண்கள் அப்படி எடுப்பதைப் பார்த்திருந்தான். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அறிஞர்கள் மறுத்ததை ஊர்ப் பெண்கள் அறிந்திருந்தார்கள். இந்த இடத்தில் என் வாசிப்பு நின்றுவிட்டது. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வைத்தியர் மருந்து எழுதுவதற்கு முன் இன்னொரு கேள்வி கேட்டார். "இது எங்கயிருந்து வந்தது?" எங்கள் நாய் படலைக்கு வெளியே அதிகம் போகாது என்றேன். மனைவி தலையைக் குனிந்துகொண்டு, "மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால ஒரு நாய் வந்து படுக்கிறது" என்றாள்.

எனக்குத் தெரியாத செய்தி. புரட்டாதியில் சந்திப் பக்கம் இருந்து வந்த ஒரு மெலிந்த பெட்டை நாய். உடம்பெல்லாம் சொறி. ஊரார் கல்லால் எறிந்து கலைத்ததை, இவள் வைக்கல் பட்டடைக்குப் பின்னால் ஒளித்துச் சோறு வைத்து வந்திருக்கிறாள். குளிர் இரவுகளில் ஜிம்மியும் அங்கே போய் அதனோடு படுத்திருக்கிறது. "உங்களுக்குச் சொன்னால் கலைச்சுப் போடுவியள் எண்டு நினைச்சன்" என்றாள்.

நான் பேசவில்லை. 2008ஆம் ஆண்டின் கடைசியில் நாங்கள் இந்த வீட்டை விட்டுப் புறப்பட்டபோது இருந்ததும் ஒரு பெட்டை நாய்தான். கயிற்றை அவிழ்த்துவிட்டு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினோம். அது தருமபுரம் வரை பின்னால் ஓடி வந்தது. அதற்குப் பிறகு காணவில்லை. மெனிக் பாம் முகாமில் இருந்த மாதங்களிலும், மீளக்குடியமர்ந்து கூரையற்ற இந்த வீட்டுக்குத் திரும்பியபோதும், மனைவி அந்த நாயைப் பற்றி ஒரு முறையும் பேசியதில்லை. பேசாமல் இருந்ததால் மறந்துவிட்டாள் என்று நான் நினைத்திருந்தேன்.

"அந்த நாய்க்கும் மருந்து குடுக்கவேணும் அம்மா. ஒண்டுக்கு மட்டும் குடுத்தால் மற்றதில இருந்து திரும்பி வரும். அதைக் கலைச்சால் அடுத்த வளவில போய்ப் படுக்கும்; பிறகு அந்த ஊர் முழுக்க வரும்" என்றார் வைத்தியர். எனக்குத் திட்டு விழும் என்று எதிர்பார்த்திருந்த இடத்தில் மனைவிக்கு மருந்துச் சீட்டு ஒன்று கிடைத்தது.

ஜிம்மிக்குத் தராசில் நிறுத்து நிறைக்கேற்ற அளவில் ஐவர்மெக்ரின் ஊசி. இரு கிழமைகள் கழித்து மீண்டும் ஒன்று. யப்பானிய மண்ணில் இருந்து ஒமுரா சதோஷி பிரித்தெடுத்த பக்ரீரியா ஒன்றில் இருந்து பிறந்த மருந்து. அதற்காக அவரும் வில்லியம் கம்பலும் 2015இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். நல்ல மருந்துதான், ஆனால் மாட்டுக்கு வாங்கிய போத்தலில் இருந்து கண்மதிப்பில் நாய்க்கு ஏற்றுவது கொலைக்குச் சமம் என்று எச்சரித்தார். கொலி போன்ற சில மேய்ப்பு நாய் இனங்களில் பரம்பரை அலகு ஒன்றின் குறையால் இம்மருந்து மூளைக்குள் புகுந்து உயிரையே பறிக்கும். பிடிக்கக் கொடுக்காத பெட்டை நாய்க்கு, கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பாவனைக்கு வந்த புதுவகை மாத்திரை. உண்ணி, தெள்ளு, சிற்றுண்ணி மூன்றையும் இரத்தத்தின் வழியே கொல்வது. வவுனியாவில் இருந்து எடுப்பித்தோம். கருவாட்டுச் சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுத்தாள் மனைவி. ஒரே விழுங்கு.

சாக்குகளை எரித்தோம். பழைய வைக்கலை அகற்றினோம். குளிர்ந்த ஈரமான இடத்தில் இச்சிற்றுண்ணி நாயின் உடம்பை விட்டும் பல நாட்கள் உயிரோடு இருக்கும். வெயிலும் வறட்சியும் அதற்கு எதிரி. மாரியில் வெயிலுக்கு எங்கே போவது? கிடைத்த வெயிலில் எல்லாவற்றையும் விரித்தோம். ஒயில் தந்த அயலவரிடமும் விடயத்தைச் சொன்னேன். அவர் தன் நாய்களையும் கூட்டிக்கொண்டு போனார்.

முதல் கிழமை சொறிதல் குறையவில்லை. வைத்தியர் அதை முன்னரே சொல்லியிருந்தார்: செத்த சிற்றுண்ணிகளையும் உடம்பு சிறிது காலம் எதிர்க்கும். மூன்றாம் கிழமை ஓர் இரவு விழித்துக்கொண்டேன். ஏன் விழித்தேன் என்று முதலில் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, சத்தம் இல்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். ஜிம்மி நான்கு கால்களையும் நீட்டி, வாய் சிறிது திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தது. தைப்பொங்கல் கழிந்து சில நாட்களில் முழங்கையில் புது மயிர் அரும்பியது. மனைவியின் கைப் பருக்கள் அதற்கு முன்பே மறைந்துவிட்டன.

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் ரெனுச்சியைப் படித்து நான் நின்ற இடத்துக்கு வர வேண்டும்.

1995 ஐப்பசி இறுதியில் வலிகாமத்தை விட்டு மக்கள் ஒரே இரவில் வெளியேறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். பாடசாலைகள், கோயில் மண்டபங்கள், மரத்தடிகள் எங்கும் மனிதர்கள். 1996 தொடக்கத்தில் கிளிநொச்சியில் இருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்த நான், ஒரு பாடசாலையில் பிள்ளைகள் இரவிரவாகச் சொறிந்துகொண்டிருப்பதைக் கண்டு ஒரு செய்தி எழுதினேன். 'துப்புரவின்மையால் சொறி சிரங்கு பரவுகிறது. மக்கள் அக்கறை காட்ட வேண்டும்' என்பது சாரம். தலைப்பும் நான் இட்டதே.

சில நாட்களில் அதே மண்டபத்துக்கு மீண்டும் போனேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா பத்திரிகையை மடித்துக் கையில் வைத்திருந்தார். சத்தம் போடவில்லை. "தம்பி, எங்களை ஊத்தை எண்டு எழுதிப்போட்டியள். இந்த ஒரு மண்டபத்தில எத்தினை குடும்பம் படுக்குது எண்டு எழுதேல்லையே" என்றார்.

பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் அரும்பொருளாக இருந்த காலம். பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தவர்களிடம் துப்புரவைப் போதித்திருக்கிறேன். அதுகூட முழுப் பிழை அல்ல, காரணமே பிழை. மனிதச் சொறியும் அதே இனச் சிற்றுண்ணியால் வருவது. தினமும் குளிப்பவரையும் அது விடாது. உடம்போடு உடம்பு ஒட்டி உறங்க வேண்டிய நெருக்கடிதான் அதன் பாதை. ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசிப் பயனில்லை. வீட்டார் அனைவருக்கும் ஒரே நாளில் பூச வேண்டும், பாயும் துணியும் வெயில் காண வேண்டும். அந்த மண்டபத்துக்குத் தேவைப்பட்டது அறிவுரை அல்ல. போதிய மருந்தும், இன்னொரு கூரையும். 2017இல் உலக சுகாதார நிறுவனம் சொறி நோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணித்தவர்களின் பட்டியல் ஒன்று எழுதப்பட்டால் அதில் என் பெயரும் இருக்கும்.

அந்த அம்மாவிடம் "சரி அம்மா, எழுதுகிறேன்" என்று சொன்னேன். எழுதவில்லை. ஒவ்வொரு நாளும் அதைவிடப் பெரிய செய்தி இருந்தது. அதே ஆண்டில் கிளிநொச்சி நகரமே இடம்பெயர்ந்தது. அவர் எந்தப் பக்கம் போனார், பின்னர் 2009ஐக் கடந்தாரா என்பதை நான் அறியேன்.

ஓர் இளம் மிருக வைத்தியர், ஒரு நாய்க்காக, அன்று நான் கேட்காத அத்தனை கேள்விகளையும் கேட்டார். எத்தனை பேர் சேர்ந்து படுக்கிறார்கள் என்பதும் அவற்றில் ஒன்று.

பத்திரிகைகளில் பிழை நேர்ந்தால் மறுநாள் உள்பக்கத்தில் சிறு எழுத்தில் ஒரு பெட்டிக்குள் 'திருத்தம்' போடுவது வழக்கம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிந்தியிருந்தாலும் இதை அந்தப் பெட்டியாகக் கொள்ள வேண்டுகிறேன். 1996இல் நான் எழுதிய அச்செய்தியில் 'துப்புரவின்மையால்' என்று இருந்ததை 'இடநெருக்கடியால்' என்று திருத்தி வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறேன்.

பெட்டை நாய் இப்போது விறாந்தைக்கு வந்துவிட்டது. மனைவி அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பழைய நாயின் பெயரைச் சொல்லி அவள் மெதுவாகக் கூப்பிட்டதை ஒரு நாள் கேட்டேன். கேட்காதவன் போல இருந்துவிட்டேன்.